கூப்பிடு தூரம்

அந்தப் போட்டியில் நான் கடைசியாக வரவில்லை. எனக்குப் பின்னால் ஒருவர் வந்தார். அவர் பின்தங்கியதற்குக் காரணம் அவருடைய கால்கள் அல்ல என்பது அன்று எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது. சொல்ல வேண்டிய இடத்தில் நான் அதைச் சொல்லவில்லை.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வீடு பூதப்பாண்டிப் பக்கம். சர்க்கரை கூடியதும் மருத்துவர் நடக்கச் சொன்னார். நடந்து சலித்துப் போய் சைக்கிள் வாங்கினேன். நீச்சல் சிறு வயதிலிருந்தே உண்டு. எங்கள் ஊரில் குளத்துக்கா பஞ்சம்? நாகர்கோவிலில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கும் என் பழைய மாணவன்தான் தூண்டில் போட்டான்.

"சார், குளத்துல நீந்துதிய. சைக்கிள் மிதிக்கிய. காலையில ஓட்டமும் நடையுமா போறிய. மூணையும் ஒரே மூச்சில செய்தா அதுக்குப் பேருதான் டிரையத்லான். மாசி மாசம் முட்டத்துல நாங்க ஒண்ணு நடத்துதோம்."

ஒலிம்பிக் தூரம் என்றான். கடலில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், கரையேறி நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கிப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். நான்கரை மணி நேரத்துக்குள் முடித்தால் பதக்கம். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பென்ஷன் வாங்குத கைகாலுக்கு இது ஆகுமா? என்னவும் ஆச்சுன்னா என்னைச் சொல்லப்பிடாது" என்றாள். பெயர் கொடுத்தேன். கொடுத்ததை எல்லோரிடமும் சொன்னேன். கூட வேலை பார்த்தவர்கள், பழைய மாணவர்கள், பால்காரர் உட்பட. சொல்லச் சொல்ல எனக்கு ஒரு பயம் வளர்ந்தது. தோற்பதைப் பற்றி அல்ல. எல்லோரும் போன பிறகு, பந்தல் பிரிக்கும்போது, கடைசி ஆளாக வந்து சேர்வதைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில்தான் அவரைச் சந்தித்தேன். குளச்சல்காரர். வலை, கயிறு விற்கும் கடை வைத்திருப்பவர். இளமையில் கருவாட்டுக் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தக்கலைச் சந்தைக்குப் போனவர்; பிறகு துபாய்; பிறகு கடை. என் வயதுதான். நான் அவரைப் பாய் என்றேன், அவர் என்னைச் சாரே என்றார். அறுபதைத் தாண்டியவர்கள் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். பயிற்சிக்கு வரும் பயல்கள் எங்களைப் பார்த்து, "ரெண்டு பழைய வண்டியும் வந்தாச்சு, இனி தொடங்கலாம்" என்பார்கள். அவர் விடமாட்டார். "பழைய வண்டியாக்கும் மக்கா, ஆனா எஞ்சின் ஜப்பான். உனக்கது போல ஓலைப் பட்டாசு இல்ல."

ஒருநாள் பயிற்சி முடிந்து துறைமுகச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது, அவர் இதில் சேர்ந்த காரணத்தைச் சொன்னார்.

"எனக்க காக்கா, கூடப்பிறந்த அண்ணன், கடைசிக் காலத்துல எல்லாத்தையும் மறந்து போனாரு சாரே. சொந்த வீட்டு வாசல்ல நின்னு, இது யாருக்க வீடுன்னு கேட்டாரு. அதுல பிடிச்சு எனக்க பயலுவளுக்கு என்மேல ஒரு கண்ணு. ஒரு சாவிய வச்ச இடம் மறந்தாப் போதும், ரெண்டு பேரும் ஒருத்தன் முகத்த ஒருத்தன் பாப்பானுவ. இந்த மூணையும் முடிச்சிக் காட்டினா கொஞ்ச காலத்துக்கு அவனுவ வாய அடைக்கலாம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

போட்டியன்று விடிந்தும் விடியாமலும் எங்களைத் தண்ணீருக்குள் விட்டார்கள். துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு உட்புறம்தான் நீச்சல். ஆனாலும் கடல் கடல்தான். குளத்துத் தண்ணீர் ஆளைத் தாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். கடல் தோளைப் பிடித்து அசைத்துக்கொண்டே இருந்தது. சுற்றிலும் கைகளும் கால்களும். யாரோ ஒருவருடைய குதிகால் என் நீச்சல் கண்ணாடியில் இடித்தது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியதும் மூச்சுத் தப்பிவிட்டது. மிதவைக் கயிறு ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. அதைக் கட்டிப் பிடித்தேன். என்னைத் தாண்டி எல்லோரும் போனார்கள். இதோடு போதும், படகுக்காரரைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன்.

முன்னால் போயிருந்த பாய் மல்லாந்து திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக என்னிடமே நீந்தி வந்தார்.

"என்ன சாரே, கயிறப் பிடிச்சிட்டு கப்பலுக்குக் காத்து நிக்கியளா?"

"மூச்சு விட முடியல்ல பாய். நீங்க போங்க."

"நான் எங்க போக? தண்ணியக் குடிக்காதிய, துப்புங்க. அலை தூக்கும்போ மூச்ச எடுங்க, இறக்கும்போ விடுங்க. எண்ணாண்டாம். அதுவே சொல்லித் தரும்."

அவர் பக்கத்திலேயே கிடந்தார், நான் கயிற்றை விடும்வரை. அதில் அவருக்குப் போன நேரத்தைப் பற்றி அவர் பிறகும் பேசவில்லை.

கரையேறியபோது எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஈர உடம்பில் சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தோம். அவர் எனக்கு முன்னே கிளம்பினார். முட்டத்திலிருந்து பத்மநாபபுரம் கோட்டைச் சுவர் வரை போய், திரும்பும்போது வேறு வழியாக வயல்களுக்கு நடுவே வர வேண்டும். போகும்போது மேடு, தொடை எரிந்தது. அரண்மனைக்கு வந்த பேருந்திலிருந்து யாரோ கைதட்டினார்கள். எனக்கு அவருடைய முதுகு மட்டுமே குறி. எவ்வளவு மிதித்தும் அது அதே தூரத்தில் இருந்தது. இந்தப் பந்தயத்தில் நான் முந்தக்கூடிய ஒரே மனிதர் அவர். அவரை முந்தாவிட்டால் நான்தான் கடைசி. அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவர்மேல் ஒரு வெறுப்பே வந்தது. என்னைக் காப்பாற்ற நின்றவர் என்பது அப்போது எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் வந்தது.

மாசிப் போகமான கும்பப்பூ நெல்லின் அறுவடை நடந்துகொண்டிருந்த காலம். வயல்களுக்கு நடுவே சாலை இரண்டாகப் பிரியும் ஓரிடத்தில் நாங்கள் இடதுபுறம் திரும்ப வேண்டும். அங்கே அம்புக்குறி போட்ட பலகையும் ஆரஞ்சு நிறக் கோன்களும் வைத்து, ஓர் ஆளையும் நிறுத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஆளைக் காணோம். இடதுபுறச் சாலையின் வாயில் முழுக்கக் கோன்கள் வரிசையாக நின்றன. பாய் மிதிப்பதை நிறுத்தினார். ஒரு காலை ஊன்றி நின்று அந்தக் கோன்களைப் பார்த்தார். வலதுபுறச் சாலையைப் பார்த்தார். பிறகு வலதுபுறமாகப் போனார்.

என்ன நடந்திருக்கிறது என்பது எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துக்காரன் யாராக இருந்தாலும் தெரிந்திருக்கும். அறுவடைக் காலத்தில் எங்களுக்குத் தார்ச்சாலைதான் களம். பனி விலகியதும் நெல்லைப் பரப்புவார்கள். வண்டி ஏறாமலிருக்கக் கையில் கிடைத்ததைச் சுற்றி வைப்பார்கள். கல், தென்னை மட்டை, ஓட்டை வாளி, பழைய டயர். அன்று கிடைத்தவை போட்டிக்காரர்களின் கோன்கள். முன்னால் போனவர்கள் எல்லோரும் நெல் பரப்புவதற்கு முன்பே அந்த இடத்தைக் கடந்திருந்தார்கள். காவலுக்கு நின்ற ஆள் எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்துத் தேநீர் குடிக்கப் போயிருக்க வேண்டும். அம்புக்குறிப் பலகை சாலையோரம் படுத்துக் கிடந்தது. அதன்மேல் சாக்குகளை மடித்து வைத்திருந்தார்கள். கல்லும் மட்டையும் கிடந்திருந்தால் பாய்க்கும் புரிந்திருக்கும். கோன்களைக் கண்டதும் போட்டிக்காரர்களே வழியை அடைத்து மாற்றி விட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

அவர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். என் குரல் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசிப் பெஞ்சு வரை எட்டும் குரல். கூப்பிட வாயெடுத்தேன், தயங்கினேன் என்றெல்லாம் எழுதினால் அது பொய். வாயெடுக்கவே இல்லை.

சைக்கிளிலிருந்து இறங்கி, நெல்லை மிதிக்காமல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடந்தேன். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"முன்ன போனவரு அங்கோட்டுல்லா போறாரு. உங்க கூட உள்ள ஆளா? நான் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்மா. அவருக்கு வழி தெரியும்" என்றேன்.

அவள் மறுபடியும் குனிந்து கிளற ஆரம்பித்தாள்.

சைக்கிளை வைத்துவிட்டு ஓடத் தொடங்கியபோது வெயில் ஏறிவிட்டது. கலங்கரை விளக்கத்தைச் சுற்றிப் பாறைக் கரையோரம் ஓட்டம். முதல் சில நிமிடம் கால்கள் என்னுடையவை அல்ல. சைக்கிளை விட்டு இறங்கிய கால்கள் இன்னும் வட்டமாகவே சுற்றப் பார்க்கும். தண்ணீர் கொடுக்கும் இடங்களில் பாதியைக் குடித்துப் பாதியைத் தலையில் ஊற்றினேன். அவர் நெடுஞ்சாலை வரை போய்த்தான் திரும்பியிருப்பார், அதற்குள் நான் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஓடுபவனுக்கு யோசிக்க நேரம் அதிகம். ஆனால் நான் யோசித்தது அதை மட்டும்தான்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் என் மாணவன் ஒலிபெருக்கியில், "நம்ம சார்!" என்று கத்தினான். கழுத்தில் பதக்கம் விழுந்தது. வயதுப் பிரிவில் முதலாவது என்று ஒரு கோப்பையும் கொடுத்தார்கள். பாயின் மனைவியும் இளைய மகனும் பந்தலில் நின்றிருந்தார்கள். அந்த அம்மா என்னிடம் வந்து, "சாரே, அவியள வழியில பாத்தியளா?" என்று கேட்டார். "பின்னால வந்திட்டிருப்பாங்க" என்றேன்.

அவர் வந்தபோது நான்கரை மணி நேரம் கடந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சைக்கிளிலேயே வந்தார், வரக் கூடாத திசையிலிருந்து. அலங்கார வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. இறங்கிய உடனே சொன்னார், "வழி அடச்சிக் கிடந்து. கோன் வச்சி அடச்சிருந்தாங்க. நான் மாத்து வழியில போயி, பின்ன அங்க அம்பும் இல்ல, ஆளும் இல்ல."

அந்தச் சாலைப் பிரிவில் காவலுக்கு நின்ற ஆள் அதற்குள் எல்லாவற்றையும் எடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். "அங்க ஒண்ணும் அடைக்கல்ல. நான் அங்கனதான் நின்னேன்" என்றான். தேநீர்க் கடைக்குப் போனதை எப்படிச் சொல்வான்?

இளைய மகன் தாயைப் பார்த்தான். பாய் அந்தப் பார்வையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாரே, நீங்க எனக்க பொறத்தால தானே வந்திய. சொல்லுங்க. வழி அடச்சில்லா கிடந்து?"

கையில் கோப்பை இருந்தது. அடைத்திருந்தது என்றால், பிறகு நீங்கள் எப்படி வந்தீர்கள், ஏன் அவரைக் கூப்பிடவில்லை என்று கேட்பார்கள். சுற்றிலும் என் மாணவர்கள் நின்றார்கள்.

"நான் வரும்போ வழி தொறந்துதான் கிடந்து, பாய்" என்றேன்.

அவர் ஹெல்மெட்டின் வாரைக் கழற்ற முயன்றார். முடியவில்லை. மகன் கழற்றிவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. நான் கோப்பையைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். பழைய கல்லூரியில் கூப்பிட்டு விடாமுயற்சி பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன்.

பங்குனி கடைசியில் குளச்சலுக்குப் போனேன். கடையில் கல்லாவில் மூத்த மகன் இருந்தான். பாய் வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. உடனே மகனைப் பார்த்தார், எழுந்து வரலாமா என்று கேட்பதுபோல. கடைக்கு வெளியே நின்று சுலைமானித் தேநீர் குடித்தோம். சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். அவருடைய பெயர், வீட்டு விலாசம், மகன்களின் எண்கள்.

"எங்கியாவது வழி மாறிப் போனா ஆருக்காவது காட்டதுக்கு. ஸ்கூட்டர் சாவியும் வாங்கிட்டானுவ. டாக்டர்ட்ட கொண்டு போனானுவ சாரே. கடிகாரம் வரைங்கன்னாரு. வரைஞ்சேன். இன்னைக்கு என்ன கிழமைன்னாரு. சொன்னேன். இப்ப ஒண்ணும் இல்ல, கவனிச்சிக்கிடுங்கன்னாரு. கவனிக்கானுவ."

கண்ணாடித் தம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒரு காரியம் கேக்கட்டா? அந்தக் கோன் எல்லாம் இப்பவும் எனக்குக் கண்ணுல நிக்குது. வரிசையா நிக்குது. இல்லாத ஒண்ணு கண்ணுல இப்பிடி நின்னா, அதுக்கு என்ன தீனம், என்ன சீக்குன்னு சொல்லுவாங்க?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு தம்ளர் தூரம்கூட இல்லை. "வயசாகும்போ எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. சாலையில் நான் செய்ததைப் போட்டி வெறி என்றாவது சொல்லிக்கொள்ளலாம். கடைவாசலில் எனக்கு வியர்க்கக்கூட இல்லை.

மனைவியிடம் சொல்லவே எனக்கு ஆவணி ஆகிவிட்டது. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு நடுவே சொன்னேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"இவ்வளவு நாளும் அந்தக் கோப்பைய நான் தொடச்சி தொடச்சி வச்சேன்" என்றாள். பிறகு, "அந்த மனுசன் தனக்குத்தானே பயந்து இருக்காரு. இன்னும் இங்க இருந்து என்ன செய்யுதிய? போய்ச் சொல்லுங்க."

தனியாகச் சொன்னால் போதாது என்று தோன்றியது, சாட்சி வேண்டும். அடுத்த போகமான கன்னிப்பூ அறுவடை தொடங்கியிருந்ததால் அந்தச் சாலைப் பிரிவுக்குப் போனேன். அதே இடத்தில் நெல் காய்ந்தது. காவலுக்குக் கற்கள் வைத்திருந்தார்கள். நெல் கிளறிய பெண் அவள்தானா என்பது எனக்கு உறுதியில்லை. கேட்டேன்.

"சைக்கிள்காரங்களா? எத்தன பேரு போறாங்க, வாறாங்க. நாங்க ரெண்டு பூவுக்கும் இங்கனதான் உணக்குதோம். கோன் வச்சோமா, கல்லு வச்சோமான்னு ஆரு கண்டா?" என்று சிரித்தாள்.

மறுநாள் கோப்பையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு குளச்சலுக்குப் போனேன். மகன்கள் இருவரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். பாயும் அவர் மனைவியும் இருந்தார்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நெல், கோன்கள், படுத்துக் கிடந்த பலகை, அந்தப் பெண் கூப்பிடட்டுமா என்று கேட்டது, நான் வேண்டாம் என்றது, பந்தலில் நான் சொன்ன பொய். "உங்க வாப்பாவுக்கு ஒரு மறதியும் இல்ல. அன்னைக்கு அங்க யாரு வந்திருந்தாலும் அந்த வழியாத்தான் போயிருப்பாங்க" என்று முடித்தேன். கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

யாரும் கோபப்படவில்லை. நான் கோபத்துக்குத்தான் தயாராக வந்திருந்தேன். மூத்த மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், உங்க நல்ல மனசு எங்களுக்குப் புரியுது. வாப்பா மேல உங்களுக்கு அவ்வளவு பிரியம். ஆனா அவங்க மனசு சந்தோசப்படட்டும்னு நாம இப்பிடிச் சொல்லிக் கொடுத்தா, பொறவு உள்ள கஷ்டம் எங்களுக்குத்தானே?"

நான் மறுபடியும் சொன்னேன். குரலை உயர்த்தியும் சொன்னேன். உயர்த்த உயர்த்த அவன் முகத்தில் இரக்கம் கூடியது. கடைசியில் பாயைப் பார்த்தேன். அவர் ஒருவர் நம்பினால் போதும்.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் ஏதோ எழுந்து வருவதுபோல இருந்தது. பிறகு அது அடங்கிவிட்டது.

"வேண்டாம் சாரே. வழி தொறந்து கிடந்துன்னு அன்னைக்கு அவ்வளவு பேரு முன்ன சொன்னிய. படிச்சுக் கொடுத்த மனுசன், அங்க வச்சா பொய் சொல்லுவிய? எனக்கு வேண்டி இப்பம் நீங்க பொய் சொல்லாண்டாம்."

என் பொய்யை அவர்கள் நம்பியதற்குக் காரணம் என் உத்தியோகம். என் உண்மையை நம்பாததற்கும் அதுவே காரணம். கிளம்பும்போது கோப்பையை மறுபடியும் பையில் போட்டு என் கையிலேயே கொடுத்தார்கள்.

வாசல் வரை வந்த அவர் மனைவி மட்டும் ஒன்று சொன்னார். "சாரே, அவிய சைக்கிள் மிதிக்காம காலு வீங்கிப் போய் இருக்கு. நீங்க கூட இருந்தா பயலுவ விடுவானுவ. நீங்க வருவியளா?"

மகன்கள் ஒப்புக்கொண்டார்கள். சார் கூட என்றால் சரி. அப்படித்தான் ஒரு மனிதரின் சாவியைப் பறிக்கக் காரணமானவன் அவருக்கே காவலாளி ஆனேன்.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குளச்சல் போகிறேன். அவர் முன்னால், நான் பின்னால். போட்டிகளுக்கு நான் பெயர் கொடுப்பதில்லை. கால்களில் அவருக்கு இன்னும் வலு இருக்கிறது. மேட்டில் என்னால் அவரை எட்ட முடிவதில்லை. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் நின்றுவிடுகிறார். கருவாட்டுக் கூடையோடு அவர் ஆயிரம் முறை போன சாலைகள். ஒரு காலை ஊன்றி, திரும்பி, நான் வரும்வரை காத்திருக்கிறார்.

நடந்ததைச் சில தடவை மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். "விடுங்க சாரே" என்பார். ஒருமுறை, "நீங்க அதையே சொல்லிச் சொல்லி உங்களுக்கே அப்பிடித் தோணிப் போச்சு. கவனமா இருங்க" என்றார். அதன்பிறகு சொல்வதில்லை.

போன வாரம் தக்கலை போகும் வழியில் ஒரு பிரிவில் அவர் நிற்கவில்லை. பேச்சு வாக்கில் அப்படியே சரியான பக்கம் திரும்பிவிட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன், எதுவும் சொல்லாமல். சொன்னால் கலைந்துவிடும் என்று பயம். அடுத்த பிரிவு வந்தது. வேகம் குறைந்தது. காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்.

"இங்க எங்கோட்டு சாரே? மேக்கயா?"

"மேக்கதான் பாய்" என்றேன், அவருக்கு நன்றாகக் கேட்கும்படி.